எல்ல ஹோட்டலில் ஒரு லயம்

பதுளையிலிருந்து வெல்லவாய போகும் பஸ்ஸில், ஒவ்வொரு வளைவிலும் என் உயிர் ஒருமுறை போய்வந்தது. நாற்பத்தைந்து வயது ஆம்பிளை நான், கண்ணை இறுக மூடிக்கொண்டதால் காது மட்டும் வேலை செய்தது. முன் இருக்கையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர்.

"எல்ல டவுன் ஹோட்டல்ல லயம் கட்டியிருக்காங்களாம் அக்கா."

"ஹோட்டல்ல எதுக்குடி லயம்? தோட்டத்துல நாம குடியிருக்குற ஒத்தை அறை வரிசை வீடு போதாதா?"

"வெள்ளைக்காரங்க தங்கத்தான். மொதல்ல தொரை பங்களா மாதிரி அறை கட்டினாங்க, அப்புறம் ராசா அரண்மனை மாதிரி. இப்ப லயந்தான் புடிக்குதாம்."

"கூரை ஒழுகுமா?"

"ஒழுகாதாம். நம்ம ராசம்மாவுக்கு அங்க வேலை. அடுப்பு முன்னால உக்காந்து ரொட்டி தட்டுறா, சுத்தி நின்னு படம் புடிக்கிறாங்க."

"அவ ரொட்டியையா? கல்லு மாதிரி இருக்குமே. நான் தட்டுறத என் புருசன்கூட திரும்பிப் பாக்குறதில்ல."

"பொறாமைப்படாதக்கா."

"எனக்கென்னடி பொறாமை."

எல்லயில் பஸ் நின்றதும் கண்ணைத் திறந்தேன். வெல்லவாய வரை டிக்கெட் எடுத்திருந்த அக்கா, தலையைக் கோதிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கக்கா போற?"

"சும்மா, ராசம்மாவைப் பாத்துட்டு வாறேன்."

இளையவள் ஒரு கணம் யோசித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினாள். மிச்ச வளைவுகளுக்கு நான் மட்டும் மிஞ்சினேன்.