இரண்டு தார் டிரம்

தேத்தண்ணீருக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சலாவுதீன். சீனி கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. கூப்பிடாமலே நான் வந்து நிற்பது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. லோரி ஓட்டிய தங்கராஜுவைப் பிடித்து வைத்திருக்கிறீர்களாம். அவன் மேல் பிழை இல்லை.

என் பெயர் கதிரவேலு. கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிப்பிக்கிறேன். என் அப்பா இந்த ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்தவர். அந்தப் பழக்கத்தில் மேனேஜர், மழைத்தண்ணீர் ஓடும் ஆழமான பெரிய கானின் பாலத்தை ஒட்டியிருந்த பலகைக் கொட்டகையை எனக்குக் கொடுத்தார்.

நான் செய்வது ஒன்றும் மந்திரம் இல்லை. ஒரு போத்தல் தண்ணீர், அதைச் சுற்றிச் செம்புக் கம்பி. பேட்டரியிலிருந்து கம்பியில் மின்சாரம் விட்டுச் சட்டென்று நிறுத்தினால், தண்ணீரின் அணுக்கருக்கள் பூமியின் காந்தப் புலத்தில் பம்பரம் போலத் தலையாட்டும். அது ஹெட்போனில் மெல்லிய ஊதலாகக் கேட்கும். எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. பக்கத்தில் இரும்பு இருந்தால் ஊதல் பாதியில் செத்துவிடும்.

தலைநகரில் லிஃப்டும் காருமாக மூன்று வருடம் வீணாய்ப் போயிற்று. வருகிற டிசம்பருக்குள் உருப்படியான முடிவு வராவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவோம் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். என் வயதில் இன்னொன்றை யாரும் தரமாட்டார்கள்.

கொட்டகையில் ஓர் ஆணியைக்கூட நான் விட்டு வைக்கவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் கயிற்றால் கட்டினேன். அப்படியும் பால்மரம் வெட்டுகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு லோரி பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் வேலை கெட்டது. வேறு வழியாகப் போ என்று தங்கராஜுவிடம் தன்மையாகத்தான் கேட்டேன்.

"சாரு தண்ணிகிட்ட பாட்டு கேக்கறதுக்கு நாங்க ஊரைச் சுத்தணுமா? நல்லா இருக்கு லா."

லோரியில் நின்ற அம்சவள்ளி, "மெதுவாப் போண்ணே, பாட்டு நின்னா சாரு கோச்சுக்குவாரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. வந்தது என்றே எழுதிக்கொள்ளுங்கள், அதில் ஒன்றும் இல்லை.

பிறகு பெருமழையில் பாலத்தின் நடுக்கட்டை ஒடிந்தது. மேலே பலகை அப்படியே இருந்ததால் பார்த்தால் தெரியாது. ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் ஐயாவு இரண்டு தார் டிரம்களில் மண்ணை நிரப்பிக் குறுக்கே நிறுத்தினார். அவர் தங்கராஜுவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"டிரம்மு நிக்கிற வரைக்கும் சுத்திப் போ. எடுத்துட்டோம்னா பாலம் ரெடின்னு அர்த்தம்."

லோரி வருவது நின்றது. ஆனாலும் ஊதல் நீளவில்லை. மிச்சம் இருந்த இரும்பு என் சுவரோரம் நின்ற அந்த டிரம்கள்தான். இதற்குப் பதில் மரக்கட்டை போடுங்கள் என்று ஐயாவுவிடம் கேட்டேன். "நாளைக்குப் பாப்போம் சார்" என்றார். மறுநாள் கேட்டேன். அப்போதும் நாளைக்குத்தான். ஒரு மனிதன் எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பான்?

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். மண்ணைக் கொட்டிவிட்டு டிரம்களைச் செம்பனைக் காட்டுக்குள் உருட்டி விட்டேன். கட்டை இழுத்துப் போடத்தான் நினைத்தேன். கை கொப்பளித்துவிட்டது, பேட்டரியும் இறங்கியிருந்தது, அதற்குச் சார்ஜ் ஏற்றப் போய்விட்டேன். கட்டையை மறந்துவிட்டேன். இல்லை, மறக்கவில்லை. விடிந்ததும் ஊதலைக் கேட்டுவிட்டுப் போடலாம் என்று விட்டேன்.

திங்கட்கிழமை காலை பனி மூடியிருந்தது. போத்தல் ஊதியது, இன்ஸ்பெக்டர். மூன்று வருடத்தில் அவ்வளவு நீளமாக நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுபடி வைத்தேன், மறுபடியும் ஊதியது. மூன்றாம் தடவை தடுமாறியது.

லோரி வருகிறது என்று அதன் இரைச்சலுக்கு முன்பே தண்ணீர் சொல்லிவிட்டது. வெளியே போய்க் கையைத் தூக்கியிருந்தால் போதும். நேரமும் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. இந்தச் சனியன் கடந்து தொலையட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். அது கடக்கவில்லை.

அம்சவள்ளியோடு ஐந்து பேர் செத்துவிட்டார்கள் என்கிறீர்கள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். சின்ன இரும்பை அகற்றப் போய்ப் பெரிய இரும்பைக் கூப்பிட்டுவிட்டேன், அந்தக் கணக்குப் பிழை என்னுடையதுதான்.

எழுதி முடித்தாயிற்றா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். யார் செய்தது என்று தெரியும் வரை லோரியைத் தொடக்கூடாது என்று உங்கள் ஆள் சொன்னார். அதனால்தான் நானே வந்தேன். இப்போது தெரிந்துவிட்டதே, நாளைக் காலை அதைக் கானிலிருந்து தூக்கிவிடலாம்தானே? அது அங்கே கிடக்கும்வரை எனக்கு ஒன்றும் கேட்காது. டிசம்பருக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.