நாப்பத்தி ஒண்ணாவது சர்வர்

லீமா: நாப்பத்தி ஒண்ணு காட்டுது, உபைத் அண்ணா.

உபைத்: இந்த டேட்டா சென்டர்ல எட்டு வருசமா நாப்பது சர்வர்தான், மேடம்.

லீமா: அது நீங்க கையால சேத்த லிஸ்ட்டு. நீங்க எழுதினதுதான் அதுல இருக்கும். இப்பம் ஸ்கேன் போட்டேன். நெட்வொர்க்குல உள்ள அட்ரஸ் ஒண்ணு விடாம கூப்பிட்டுப் பாத்துது...

உபைத்: பொறுப்புக்கு வந்து மூணு மாசம் ஆவல, அதுக்குள்ள ஸ்கேனாம். ஆரு கேட்டா? எம்.டி.யா?

லீமா: ஆமா... அப்பிடித்தான் வச்சுக்கோங்க.

உபைத்: ஒரே சர்வர் ரெண்டு அட்ரஸ்ல பதில் சொல்லியிருக்கும்.

லீமா: நேர்ல போயி எண்ணினேன். கடைசி ரேக்குல, அட்டைப்பெட்டிக்குப் பொறவு ஒண்ணு ஓடுது.

உபைத்: அது... பழசு. இரும்புக்குப் போடவேண்டியது.

லீமா: போட்டாச்சுன்னு போன வருசமே கையெழுத்துப் போட்டிருக்கீய. அதுல என்ன ஓடுது?

உபைத்: சினிமாப் பாட்டு.

லீமா: வெளையாடாதீய. அஞ்சு மணிக்கு ரிப்போர்ட் போவணும்.

உபைத்: ...காத்து. மீன் பிடிக்கப் போற வள்ளக்காரங்க ஒரு நம்பருக்குக் கூப்பிட்டா காத்தும் கடலும் எப்பிடின்னு சொல்லும். சாயங்காலம் நான் பேசிப் பதிஞ்சு வப்பேன். தேங்காய்பட்டணத்துல எனக்க மச்சான் கேட்டான்னு தொடங்கினது... இப்பம் எரநூறு பேரு. எனக்க வேலை போவட்டும் லீமா. ஒரு வாரம் அத அணைக்காத, வேற எடம் பாக்கேன்.

லீமா: பாஸ்வேர்டு சொல்லுங்க.

உபைத்: அணைக்கவா?

லீமா: ஸ்கேன்ல கெடச்சா, உயிரோட இருக்குன்னு மட்டுந்தான் தெரியும். பாஸ்வேர்டு குடுத்து லிஸ்ட்டுல சேத்தாத்தான், நின்னுபோனா இஞ்ச இருந்தே திரும்ப ஓட வைக்கலாம்.

உபைத்: அப்போ ரிப்போர்ட்ல?

லீமா: நாப்பத்தி ஒண்ணு. அதுக்குப் பொறுப்பு லீமான்னு எழுதியாச்சு.

உபைத்: ஒனக்கு எதுக்கு இந்த வம்பு? நின்னா நான் பாத்துக்குவேன்லா.

லீமா: போன செவ்வாக்கெழம நீங்க லீவு.

உபைத்: எனக்க மவ ஷஹ்லாவுக்குக் காய்ச்சல். அண்ணைக்கு நின்னுதான் போச்சு, மறுநாளே வந்து சரியாக்கிட்டேன்... நின்னது ஒனக்கு எப்பிடித் தெரியும்?

லீமா: எனக்க அப்பா ஏழு தடவ போன் அடிச்சுப் பாத்தாரு. காத்து தெரியாமலே வள்ளம் எறக்கினாரு. சாயங்காலம் நாலு மணிக்குத்தான் நனைஞ்சு கரை சேந்தாரு.

உபைத்: ஒனக்க அப்பா அந்த நம்பருக்கா... ஆனா அது இஞ்ச இருக்குன்னு?

லீமா: தெனமும் வெடியக்காலம் எங்க வீட்டுல கேக்குத கொரலு. இஞ்ச வந்த முதல் நாளே அது ஒங்க கொரலுன்னு பிடிபட்டுது, சர்வரும் இஞ்சதான் இருக்கும்னு நெனச்சேன். செவ்வாக்கெழம இந்த சீட்டுலதான் இருந்தேன் அண்ணா. லிஸ்ட்டுல அது இல்ல, எதத் தட்டி எழுப்பணும்னு தெரியல. எம்.டி. ஸ்கேன் ஒண்ணும் கேக்கல... அதத் தேடித்தான் ஸ்கேன் போட்டேன்.