வாசித்துக் காட்டச் சொன்ன மெக்கானிக் சார்

சங்கத் தலைவர் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியவர்களே, மறைந்த மெக்கானிக் சாரின் துணைவியாரே, அவர் மகளே, ஐந்து மாடிகளிலிருந்தும் இறங்கி வந்திருக்கும் அண்டை வீட்டாரே!

முதலில் ஒரு திருத்தம். வாட்ஸ்அப் குழுவிலிருந்து மெக்கானிக் சார் என்னைத் தூக்கி எறிந்தார், அந்தக் கோபத்தில் இரண்டு வருடமாக அவரோடு நான் பேசவில்லை என்று படிக்கட்டில் பேசிக்கொள்கிறீர்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. அவர் என்னை நீக்கவில்லை. நானாக வெளியேறினேன், ஒரு மாதம் கழித்து நானாகத் திரும்பினேன். நடந்தது என்ன?

மூன்றாம் மாடி நர்ஸ் தன் தாயை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவார். அந்த அம்மாள் கதவைத் தட்டும் சத்தம் தினமும் காலையில் என் வீடு வரை கேட்கும். குழுவில் பதினோரு வரி எழுதினேன். கான்வென்டில் கற்ற கை. ஒரு பிழை இருக்காது. முப்பத்தொரு பேர் கட்டைவிரல் உயர்த்தினீர்கள். அந்த நர்ஸிடம் ஒருவராவது கேட்டோமா? பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த நான் கேட்டேனா?

அன்று மாலை மெக்கானிக் சார் வந்தார். நாற்பது வருடம் லிஃப்ட் பழுது பார்த்த மனிதர். கருவியை எடுப்பதற்கு முன் உள்ளே நின்று இரண்டு தடவை ஏறி இறங்கிச் சத்தத்தைக் கேட்பார். என் வீட்டிலும் அப்படித்தான் பேசாமல் உட்கார்ந்தார்.

"டெலிட் பண்ணச் சொல்ல வந்தீங்களா?" என்றேன்.

"இல்லம்மா. ஒரு தடவ வாய்விட்டு வாசிச்சுக் காட்டுங்க. அந்தப் பொண்ணு எதிர்ல உக்காந்திருக்குன்னு நெனச்சுக்கோங்க."

கம்பீரமாகத்தான் ஆரம்பித்தேன். நான்காவது வரி: 'பெற்றவளைப் பூட்டி வைக்கும் கை நோயாளியை எப்படித் தொடும்?' அதோடு நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றினேன். கண்ணாடி சரியில்லை என்றேன்.

"கண்ணாடி நல்லாத்தாம்மா இருக்கு. போய் அதுகிட்டயே கேளுங்க. நடுவுல திருத்தாதீங்க."

போனேன். கேட்டேன். தாய்க்கு நினைவு தவறிவிட்டது. இரண்டு முறை லாரிக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். நர்ஸ் கிளம்பியபின், பார்த்துக்கொள்ளும் பெண் வர நாற்பது நிமிடம் ஆகும். அந்த நாற்பது நிமிடத்துக்குத்தான் பூட்டு! மறுநாள் முதல் அந்த நேரத்தில் நான் அங்கே இருக்கிறேன். அந்த அம்மாள் என்னை வேலைக்காரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். "ஏண்டி, மூலையெல்லாம் பெருக்கினியா?" என்பார். "பெருக்கிட்டேம்மா" என்பேன். கதவு இப்போது பூட்டப்படுவதில்லை.

'நான் எழுதியது தவறு' என்று குழுவில் எழுதினேன். யாரும் சொல்லி நான் அதை எழுதவில்லை. மறுபடியும் யாரையாவது திருத்தக் கை துறுதுறுத்ததால்தான் ஒரு மாதம் விலகியிருந்தேன்.

இரங்கல் கூட்டத்தில் சொல்லலாமோ, கூடாதோ: எனக்கு நிம்மதியாக இருக்கிறது. அவர் படத்தின் முன் நின்று நன்றி சொல்லும் நிலை எனக்கு இல்லை. போன மாதம் அவர் கட்டிலருகே உட்கார்ந்து சொல்லிவிட்டேன். "நன்றியும் பதினோரு வரியில வருமோன்னு பயந்துட்டேம்மா" என்று சிரித்தார். எந்நேரமும் நானே சரி என்று விறைத்து நிற்கும் வேலையிலிருந்து எனக்கு ஓய்வு கொடுத்த மனிதர் அவர்!

ஆனால் அவரை அனுப்பிவிட்டு வந்த அன்றே குழுவில் என்ன வந்தது? நான்காம் மாடித் தையல்காரர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை, மனசாட்சி இல்லாதவர் என்று. இருபது கட்டைவிரல். தலைவர் அவர்களே, எழுதியது நீங்கள். ஏன் வரவில்லை என்று நேற்று அவரிடம் கேட்டேன். அதை நான் சொல்லமாட்டேன்; அவரே உங்களிடம் சொல்லட்டும். நாளைக் காலை ஒன்பது மணிக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுங்கள்.

மெக்கானிக் சார் செய்துவந்த இந்த வேலையை, அவர் பழுது பார்த்த லிஃப்ட் ஓடும்வரை, ஐந்து மாடிக்கும் போய் நான் செய்வேன். சங்கத்துக்குச் சம்மதமா? கட்டைவிரல் படம் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு காகிதத்தில் எழுதி, கையெழுத்திட்டு, எனக்குப் பதில் தாருங்கள்.