வாசக் கதவு இன்னும் திறந்திருக்கு

சாயங்காலம் ஆறரை மணி. வித்துரா தாண்டி பொன்முடி போற ரோடு... அந்த நேரத்துல அங்க ஈ காக்கா இருக்காது. ரெண்டு பக்கமும் ரப்பர் மரம். மழை விட்டப்புறமும் இலையிலேர்ந்து சொட்டிண்டே இருக்கும். டப்... டப்...

கேசவ், அந்த ஃபோன் லைட்டை அணைடா. கரண்ட் போனதே நல்லதாப் போச்சு. நாளைக்கு முகூர்த்தத்துக்கு எழுந்திருக்கணும்னு முனகறவா இப்பவே போய்ப் படுத்துக்கோங்கோ. பாதியில பயந்துண்டு பாத்ரூம் போகணும்னா நான் துணைக்கு வரமாட்டேன், ஆமா.

இது எங்க ஆபீஸ் பத்மப்ரியாவோட பெரியப்பாவுக்கு நடந்தது. வெங்கடசுப்ரமணியன்னு பேரு. கிழக்கேகோட்டையில ஒரு ஆடிட்டர்கிட்ட வேலை. பெரியம்மா விஜயத்துக்கு இழுப்பு. கோட்டைத் தெருவுல புகையும் தூசியும் ஒத்துக்கலைன்னு அந்த ரோட்டுல வீடு வாங்கிண்டு போனா. குழந்தை குட்டி கிடையாது. அவருக்கு அவ, அவளுக்கு அவர்... அவ்வளவுதான்.

பக்கத்து பங்களாவுல திருட்டுப் போச்சு. உடனே பத்மப்ரியாவோட தம்பி மஹேஷ் ஒரு அலாரம் கம்பெனியைப் பிடிச்சு, ரெண்டு கதவுலயும் சென்ஸர் மாட்ட வச்சான். கதவைத் திறந்தா பெரியப்பா ஃபோனுக்கு மெயில். அடைச்சா மெயில். திறந்து போட்டா பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம்... "வாசக் கதவு இன்னும் திறந்திருக்கு." வரது இங்கிலீஷ்லதான். நான் உங்களுக்காகத் தமிழ்ல சொல்றேன்.

இதுல என்ன கூத்துன்னா... நம்மாத்து வழக்கம் தெரியுமோல்லியோ? விளக்கேத்தறதுக்கு முன்னாடி கொல்லைக் கதவை அடைச்சு, வாசக் கதவைத் திறந்து வைக்கணும். லக்ஷ்மி வர நேரமாக்கும். நாமெல்லாம் கொசு வரதுன்னு அஞ்சு நிமிஷத்துல சாத்திடுவோம். பெரியம்மா சாத்தமாட்டா. வெளியில போனவர் ஆத்துக்கு வந்தப்புறம்தான் கதவடைப்பா. அவர் வித்துராவுல பஸ் மாறி வந்து சேர எட்டு, எட்டரை ஆகும். அதுவரைக்கும் சட்டைப் பையில டிங்... டிங்... பக்கத்து சீட்டுக்காரன் முறைப்பான்.

கம்பெனியிலேர்ந்து சிபின்னு ஒருத்தர் வந்து எல்லாத்தையும் நோண்டிப் பாத்தார். "சாரே, சிஸ்டத்துக்கு ஒரு குழப்பமும் இல்ல. அம்மா கதவை அடைச்சா மெயில் நிக்கும். அத்ரே உள்ளு"ன்னார், அவ்வளவுதானாம். பெரியம்மா அடுக்களையிலேர்ந்தே கேட்டாளாம்: "விளக்கேத்தி வச்சுட்டு, வரவர் மூஞ்சியிலயா கதவை அடைப்பா?"

பெரியப்பா சிரிச்சார். அந்த 'இன்னும் திறந்திருக்கு' மெயில் மட்டும் சத்தம் போடாம வரட்டும்னு சொன்னார். சிபி அப்படியே பண்ணிக் குடுத்துட்டுப் போனார்.

போன ஐப்பசி உற்சவம். பெரியப்பா ஆபீஸ் முடிஞ்சு கோவிலுக்குப் போனார். அன்னிக்குப் பேய் மழை... வித்துரா பக்கம் ரோட்டுல மரம் விழுந்து பஸ் இல்ல. கோட்டையிலயே தம்பியாத்துல, அதாவது பத்மப்ரியா ஆத்துல, தங்கினார். பெரியம்மாவுக்கு ஃபோன் பண்ணினார், எடுக்கல. ஸ்லோகம் சொல்லிண்டிருப்பான்னு நினைச்சார். சாப்பிட்டார். படுத்துண்டார்.

காலம்பர ஃபோனைப் பாக்கறார்... வாசக் கதவு இன்னும் திறந்திருக்கு. இன்னும் திறந்திருக்கு. இன்னும் திறந்திருக்கு. ராத்திரி பூரா வந்திருக்கு. விரலால தள்றார் தள்றார், முடியவே மாட்டேங்கறது.

பால் கொண்டுவர பிந்துதான் முதல்ல பாத்தா. பெரியம்மா வாசப்படியில ரோட்டைப் பாத்து ஒருக்களிச்சுக் கிடந்தா. சாரல்ல புடவையெல்லாம் நனைஞ்சு போயிருந்தது. டாக்டர், "ராத்திரியே கொண்டுவந்திருந்தா..."ன்னு ஆரம்பிச்சவர், பெரியப்பா மூஞ்சியைப் பாத்துட்டு நிறுத்திட்டார்.

காரியமெல்லாம் ஆச்சு. வீட்டைப் பூட்டிண்டு அவரைக் கோட்டைக்கே அழைச்சுண்டு வந்துட்டா. வந்த அன்னிக்குச் சாயங்காலம், தம்பியாத்துல விளக்கேத்தற நேரம்... டிங்.

கொல்லைக் கதவு அடைஞ்சுது.

கொஞ்ச நேரம் கழிச்சு... டிங். வாசக் கதவு திறந்தது.

அப்புறம் விடியற வரைக்கும் அதே மெயில். இன்னும் திறந்திருக்கு. இன்னும் திறந்திருக்கு.

மஹேஷ் அலறி அடிச்சுண்டு போய்ப் பாத்தான். ரெண்டு கதவும் கிண்ணுனு பூட்டின மாதிரியே இருக்கு. சிபி வந்தார். பேட்டரி மாத்தினார். மழையில கதவு உப்பியிருக்கும்னு காந்தத்தை நகர்த்தி வச்சார். மஹேஷ் ஃபோனுக்கும் மெயில் வர மாதிரி பண்ணினார். ரெண்டு ஃபோனுக்கும் வந்தது, அவ்வளவுதான் லாபம். கடைசியில சென்ஸரையே கழட்டி பையில போட்டுண்டார். அன்னிக்கு அவர் பைக்ல நெடுமங்காடு தாண்டும்போது மஹேஷ் கூப்பிட்டுச் சொன்னான்... வாசக் கதவு திறந்துடுத்துன்னு. சிபி வண்டியை ஓரமா நிறுத்திட்டு வாந்தி எடுத்தாராம்.

பெரியப்பா மட்டும் பயப்படல. ஃபோனை மடியில வச்சுண்டு உக்காந்திருப்பார். சாதம் ஆறி அவலாப் போகும். "அவ வாசல்ல நிக்கறாடா மஹேஷ். ஐப்பசி மழை... இழுப்புக்காரி. நான் போனாத்தான் கதவை அடைச்சுண்டு உள்ள வருவா. என்னைக் கொண்டு விடு"ம்பார்.

யார் விடுவா? சர்க்கரை இருக்கு, ஹார்ட்டும் சரியில்ல. அந்த ஆத்துல தனியா விட்டுட்டு வந்தா ஊர் என்ன சொல்லும்? நாளைக்குப் பாக்கலாம் பெரியப்பா, மழை விடட்டும் பெரியப்பான்னு சொல்லிச் சொல்லியே ஓட்டினா. பாவம், குத்தம் சொல்ல முடியாது. நானா இருந்தாலும் அதான் பண்ணியிருப்பேன்.

ஒரு நாள் மத்தியானம், கோவிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பினார். அலசின வேஷ்டி, நெத்தி நிறைய விபூதி. திரும்பி வரல.

விளக்கேத்தியாச்சு. மஹேஷ் ஃபோன்ல வழக்கம்போல... கொல்லைக் கதவு அடைஞ்சுது. வாசக் கதவு திறந்தது. இன்னும் திறந்திருக்கு. இவா தெருத் தெருவாத் தேடிண்டிருக்கா. எட்டு மணி ஆச்சு... எட்டரை...

டிங்.

வாசக் கதவு அடைஞ்சுது.

வீட்டைப் பூட்டினப்புறம் ராத்திரியில அந்த மெயில் வரது அதுதான் முதல் தடவை. பத்மப்ரியாவோட அம்மா நடுக்கூடத்துல உக்காந்து ஓன்னு அழுதா. "போய்ச் சேந்துட்டார் மனுஷர், இனிமே ரெண்டு பேரும் தூங்குவா"ன்னாளாம். நல்லபடியா ஆத்துக்குப் போயிட்டார்னுதான் அவ நினைச்சா.

அப்பத்தான் வித்துரா போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து ஃபோன். பஸ் ஸ்டாண்ட் பெஞ்சுல ஒரு பெரியவர்... பொன்முடி பஸ்ஸுக்குக் காத்துண்டு உக்காந்தவர், உக்காந்தபடியே. அஞ்சு மணி பஸ்ஸுக்கு எழுப்பிப் பாத்தாளாம். அப்பவே உடம்பு சில்லுனு இருந்ததாம். சட்டைப் பையில ஃபோனும் வீட்டுச் சாவியும் இருந்தது.

எல்லாம் முடிஞ்சப்புறம், மிச்ச அலாரத்தையும் கழட்டிடலாம்னு மஹேஷும் சிபியும் அந்த வீட்டுக்குப் போனா. பகல் பதினோரு மணி, நல்ல வெயில். மஹேஷ் சாவியைப் போட்டான். பூட்டு திறந்தது. கதவு அசையல. ரெண்டு பேருமா தோள் குடுத்துத் தள்ளினா... ம்ஹூம். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு. கொல்லைக் கதவும் அப்படியே.

சிபி கதவை நெம்பக் கம்பியை எடுத்தார். மஹேஷ் அவர் கையைப் பிடிச்சான். கதவிடுக்குல நல்லெண்ணெய் வாசனை, அப்பத்தான் திரி மலையேத்தின மாதிரி. அடுக்களைப் பக்கத்துலேர்ந்து ஒரு தட்டு வைக்கற சத்தம்... ணங். கொஞ்சம் விட்டு, இன்னொரு தட்டு.

மஹேஷ் படியில உக்காந்துண்டு குழந்தை மாதிரி அழுதான். அப்புறம் கண்ணைத் துடைச்சுண்டு, வெளியிலேர்ந்தும் பூட்டிட்டு வந்துட்டான். வீட்டை விக்கல. கதவை உடைக்கல. மெயிலும் நின்னு போச்சு.

பிந்து இன்னமும் அந்த வழியாத்தான் பால் எடுத்துண்டு போறா. சாயங்காலம் விளக்கேத்தற நேரத்துல கொல்லைக் கதவு அடையற சத்தம் தினமும் கேக்கறதாம். வாசக் கதவு மட்டும் இப்பல்லாம் திறக்கறதே இல்லையாம்.