மாப்பிள்ளைக்கு என்ன வாடகை?

— இன்னா சார் இது, மெய்யாலுமே எனக்கு ஒண்ணும் பிரியல. வூட்டு ஓனரு நீங்க நூறு ரூபா போதுங்கறீங்க. குட்தனம் வர்றவரு எட்நூறு குடுத்தே தீருவேன்னு குந்திகினு கீறாரு. இருவது வருசமா இந்தத் தாம்பரத்துல வூட்டு புரோக்கரா கீறேன், கார்டு சார். இப்பிடி ஒரு பேஜார நான் பாத்ததே இல்ல.

— உனக்கு ஏன் ஜெயவேலு புரியணும்? மாப்பிள்ளைகிட்ட நூறுன்னு சொல்லு. அவ்வளவுதான் உன் வேலை.

— தோ, பக்கத்து நாற்காலிலதான சார் கீறாரு. நீங்களே சொல்லக்கூடாதா?

— பொண்ணு கொடுத்தவன் மாப்பிள்ளைகிட்ட நேருக்கு நேரா பணம் பேசக் கூடாதுப்பா. அதுக்குத்தானே உன்னை வரச் சொன்னேன்.

— ஜெயவேலு அண்ணா, மாமாகிட்ட நான் கேட்டதா கேளுங்க. சேலையூர் பக்கம் இந்த மாதிரி வீட்டுக்கு இன்னைக்கு என்ன ரேட்? ஊர்ல என்ன போகுதோ அதை நான் தர்றேன். ஒரு ரூபா குறைய மாட்டேன். அது என் பிரின்சிபிள்.

— நாலு ரூமு, வத்தாத கெணறு, மோட்டாரு, டேசனுக்கு நடந்தா பத்து நிமிசம். இந்த எம்பத்தெட்டுல எட்நூறு கண்ண மூடிகினு போவும், மாப்ள சார்.

— யாருடா சொன்னா எட்டுநூறுன்னு? மழை பெஞ்சா ஹால்ல மூணு பக்கெட் வைக்கணும். சமையக்கட்டு சன்னலுக்குக் கொக்கியே கிடையாது. ஏர்ஃபோர்ஸ் விமானம் தலைக்கு மேல போனா அலமாரியில டம்ளர் ஆடும். இதுக்கு எட்டுநூறா? அநியாயம்!

— அண்ணா, மாமாகிட்ட சொல்லுங்க. ஹால் ஒழுகல் ரெண்டு ஓடு மாத்தினா சரியாயிடும். காத்து எப்படி வருது பாருங்க. இந்தக் கிணத்துத் தண்ணிக்கே நூறு ரூபா தனியா கொடுக்கலாம். பம்மல்ல நாங்க குடிக்கிற தண்ணியை நீங்க பார்த்ததில்ல.

— அய்ய! ஓனரு வூட்ட கொற சொல்றாரு, குட்தனக்காரரு தூக்கி வெச்சிகினு ஆடுறாரு. நான் எந்தப் பக்கம் பேசறதுன்னே தெர்ல. ஒரு மாச வாடகதான் சார் என் கமிசன். நூறு ரூபாக்கு முடிச்சிக் குடுத்தா என் பொஞ்சாதி என்ன வூட்டுக்குள்ள சேக்கமாட்டா.

— உன் கமிஷனை எட்டுநூறாவே நான் தந்துடறேன். போதுமா? மாப்பிள்ளைக்கு நூறு. இல்ல, ஐம்பது.

— போச்சுடா! எறங்கினே போறாரு. மாப்ள சார், நீங்க கொஞ்சம் எறங்கி வாங்களேன். மாமனார் வூடு. ஒத்தப் பொண்ணு. யாரு கேக்கப் போறா?

— எல்லாரும் கேப்பாங்க அண்ணா. தாம்பரம் சானடோரியத்துல என் ஆபீஸ்ல இப்பவே ஆரம்பிச்சாச்சு. "என்ன ஐசக், மாமனார் வீட்டோட செட்டில் ஆகப் போறியாமே"ன்னு. சர்ச்ல கேப்பாங்க. எங்க அக்கா வீட்டுக்காரர் கேப்பார். வீட்டோட மாப்பிள்ளைங்கற பேர் ஒருதரம் வந்தா அப்புறம் போகாது. குடித்தனக்காரன்னா அது வேற. வாடகை கொடுக்கறேன், இருக்கேன். யாரும் வாயைத் திறக்க முடியாது.

— மாப்பிள்ளைகிட்ட கேளு ஜெயவேலு. மகள்கிட்ட வாடகை வாங்கின அப்பன்னு ஊர் என்னைச் சொல்லாதா? முப்பத்தொரு வருஷம் கூட்ஸ் வண்டிக்குக் கார்டா போனேன். கொடி காட்டுறதைத் தவிர ஒருத்தர்கிட்டயும் கை நீட்டினதில்ல. இப்ப ஒண்ணாந்தேதியானா பெத்த பொண்ணுகிட்ட கையை நீட்டவா?

— அப்ப சரி மாமா. மன்னிச்சுக்கோங்க, நேராவே பேசிடறேன். வண்டலூர்ல ஒரு போர்ஷன் பார்த்து வெச்சிருக்கேன். இந்த மாசக் கடைசிக்குள்ள பம்மல் வீட்டைக் காலி பண்ணியாகணும். நாளைக்குள்ள நான் அவங்களுக்குப் பதில் சொல்லணும்.

— வண்டலூரா?

— ஆமா மாமா.

— அங்கேயிருந்து கிருபா எப்படி வருவா?

— அதுதான் மாமா என் கவலையும். பம்மல்லேருந்து ரெண்டு பஸ் மாறி தினம் காலையில வர்றா. உங்களுக்குச் சமைச்சு வெச்சுட்டு மத்தியானம் திரும்பறா. இது ஆறாம் மாசம். டாக்டரம்மா பஸ்ஸே ஏறக் கூடாதுன்னுட்டாங்க. போன தடவை மூணாம் மாசத்துலயே நமக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். நான் சொன்னா கேக்கமாட்டேங்கறா. "அப்பா பட்டினி கிடப்பார்"ங்கறா, அழறா.

— நான் ஓட்டல்ல சாப்பிட்டுக்கறேன்னு எத்தனையோ தரம் சொல்லிட்டேன்.

— ஈஸ்டருக்கு மறுநாள் பாத்ரூம்ல விழுந்தீங்களே, அதையும் ஓட்டல்காரனா வந்து தூக்குவான்?

— கார்டு சார், அது இன்னா சமாச்சாரம்? எனக்குத் தெரியாதே.

— ஒண்ணுமில்லப்பா. சோப்புத் தண்ணியில கால் வழுக்கிடுச்சு.

— ரெண்டு மணி நேரம் அண்ணா. இவ வந்து கதவைத் தட்டற வரைக்கும் ஈரத் தரையிலயே கிடந்திருக்கார். அன்னைக்கு ராத்திரி கிருபா தூங்கவேயில்ல. "அம்மா இருந்திருந்தா இப்படி ஆகுமா"ன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தா.

— ஞானம்மா போய் பதினோரு மாசம் ஆகுது ஜெயவேலு. சாப்பாட்டுக்காக நான் இவங்களைக் கூப்பிடல. வெளிய போயிட்டு வந்து நானே பூட்டைத் திறந்து, நானே லைட்டைப் போட்டு உள்ள வர்றேன் பாரு, அது முடியல. பயமாயிருக்குப்பா. வெளிய சொல்ல வெக்கம். இந்த வீட்டுல யாராவது என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிடணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். வாடகையா வேணும்?

— மெய்யாலுமே மனசு கஸ்டமாப் பூட்ச்சு சார். மாப்ள சார், பெரியவரு இவ்ளோ தூரம் சொல்றாரு. பேசாம நூறு குடுத்துட்டு வந்துடுங்களேன். ஊரு பேசினா பேசிட்டுப் போவுது.

— அண்ணா, நீங்க நான் வறட்டுப் பிடிவாதம் பண்றேன்னு நினைக்கறீங்க. எங்கப்பா பேரு யேசுதாசன். பதினாறு வருஷம் எங்க தாத்தா வீட்டுல இருந்தார். எங்கம்மாவோட அப்பா வீடு. நல்ல வீடுதான். யாரும் அவரை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல. ஆனா ரெண்டாவது தரம் குழம்பு கேக்க மாட்டார். ஃபேன் ஓடிட்டிருந்தா, ஆள் இல்லாத ரூம்ல போய் நிறுத்திட்டு வருவார். தாத்தா பேப்பர் படிச்சு முடிச்சு மடிச்சு வெச்ச பிறகுதான் எடுப்பார்.

— அது மரியாதை மாப்பிள்ளை.

— சோப்பும் மரியாதையா மாமா?

— என்ன சோப்பு?

— குளிக்கிற சோப்பு. தன் காசுல வாங்கி, தகரப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டியிருப்பார். குளிக்கப் போகும்போது திறந்து எடுப்பார். குளிச்சு முடிச்சு ஈரத்தோட துணியில சுத்தி மறுபடியும் பூட்டுவார். வீட்டுச் சோப்பை அவர் தொட்டார்னு யாரும் சொல்லிடக் கூடாதாம். யாரும் சொல்லவே இல்ல மாமா! பதினாறு வருஷத்துல ஒருத்தரும் சொல்லல. அவர் இறந்து அந்தப் பெட்டியைத் திறந்தோம். துணியெல்லாம் சோப்பு வாசனை. எனக்கு அன்னைக்குத்தான் கோபம் வந்தது. யார் மேலன்னு தெரியல.

— என்னையும் உங்க தாத்தா மாதிரின்னா நினைக்கறீங்க மாப்பிள்ளை?

— நான் உங்களை எங்க தாத்தா மாதிரின்னு சொல்ல வரல மாமா. நீங்க நல்லவர். நீங்க நல்லவரா இருக்கறதுதான் எனக்குப் பயமே. அடுத்தவங்க வீட்டுல சும்மா இருக்கறவன் யாரும் ஒண்ணும் சொல்லாமலேயே சிறுத்துப் போயிடுவான். அவங்க எவ்வளவு பாசமா இருந்தாலும் சரி.

— உங்கப்பா மாசா மாசம் ஏதாவது வாடகைன்னு கொடுத்திருந்தா?

— நிம்மதியா ரெண்டாவது தரம் குழம்பு கேட்டிருப்பார்.

— ம். கிருபா, உள்ள பாத்திரத்தைத் தட்டிக்கிட்டே நிக்காத, எல்லாம் உன் காதுல விழுதுன்னு தெரியும். காபியைக் கொண்டா. ஜெயவேலுவுக்குச் சர்க்கரை அரை ஸ்பூன்.

— பரவால்ல சார், இன்னிக்கி ஒண்ணரையா போடச் சொல்லுங்க. தல சுத்துது எனக்கு.

— ஜெயவேலு, மாப்பிள்ளை சொல்றது நூத்துக்கு நூறு சரி. நான் ஒத்துக்கறேன். வாடகை ஊர் ரேட்டுதான்.

— நெசமாத்தான் சொல்றீங்களா கார்டு சார்?

— நெசமாத்தான். ஆனா கணக்கு நியாயமா இருக்கணும். நாலு ரூமும் அவங்களுக்கு இல்ல. முன் ரூம்ல நான் இருப்பேன். அதைக் கழிச்சுச் சொல்லு.

— அதுவும் சரிதான். எட்நூறுல முன் ரூமு எர்நூறு போவுதுன்னு வெச்சிக்கோங்க. மீதி ஆர்நூறு. மாப்ள சார், இன்னா சொல்றீங்க?

— முன் ரூம் இருநூறா? கரெக்டான ரேட்டா அண்ணா?

— தனி வாசல் கீது, சன்னல் கீது. தோ, ஏர்ஃபோர்ஸ் பசங்க ரெண்டு பேரு இதே மாரி ரூமுக்கு எர்நூறு குடுத்துகினு கீறாங்க எதிர்த் தெருவுல.

— சாப்பாட்டோடன்னா எவ்வளவு ஜெயவேலு?

— சாப்பாட்டோடயா? மூணு வேளையும் போட்டாங்கன்னா நானூறு. இன்னாத்துக்கு சார் கேக்கறீங்க?

— சும்மா, தெரிஞ்சு வெச்சுக்கலாம்னுதான். மாப்பிள்ளைக்கு அறுநூறு சம்மதமான்னு கேளு.

— சம்மதம் மாமா. ரொம்ப சந்தோஷம். ஒழுகற ஓடுங்களை என் செலவுல மாத்தறேன். அதுக்கு மட்டும் குறுக்க பேசாதீங்க.

— பேசல. எழுது ஜெயவேலு. பத்திரம் கொண்டுவந்திருக்கியா?

— அது இல்லாமயா? இந்தா பாருங்க, பையிலயே கீது. சொல்லுங்க. குட்தனம் வர்றவரு ஐசக், தகப்பனார் பேரு யேசுதாசன். வூட்டு ஓனரு பேரு அசரியா...

— அசரியா இல்ல. கிருபான்னு எழுது.

— கிருபாவா? பாப்பா பேரா? அது எப்பிடி சார்? வூடு உங்க பேர்லதான கீது?

— இருந்தது. போன மாசம் இருபதாந்தேதி வரைக்கும்.

— மாமா, அன்னைக்குப் பென்ஷன் வேலையா போறேன்னு சொன்னீங்களே?

— ரிஜிஸ்தர் ஆபீசுக்குத்தான் போனேன் மாப்பிள்ளை. விழுந்து கிடந்த அந்த ரெண்டு மணி நேரத்துல யோசிச்சது அது ஒண்ணுதான். நாளைக்கு எனக்கு ஏதாவது ஆனா அவ ஆபீஸ் ஆபீஸா அலையக் கூடாது. வீட்டை அவ பேருக்கே எழுதிக் கொடுத்துட்டேன். அவளுக்கே இப்பத்தான் தெரியும். பாருங்க, உள்ள சத்தத்தையே காணோம்.

— முன்னாடியே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே மாமா.

— சொல்லியிருந்தா? பொண்டாட்டி சொத்துல குடியிருக்கான்னு பேர் வரும்னு வண்டலூருக்கு வண்டி ஏறியிருப்பீங்க. அதான் வாயைத் திறக்கல. ஆனா என்னோடது இல்லாத வீட்டுக்கு எட்டுநூறு எப்படிக் கை நீட்டி வாங்குவேன்? நூறு, ஐம்பதுன்னு இறங்கினது அதுக்குத்தான்.

— அப்ப நான் மாசா மாசம் என் பொண்டாட்டிகிட்டயா வாடகை கொடுக்கணும்?

— அய்யய்யோ, மாப்ள சார்! ரசீது கேட்டு வாங்கிக்கோங்க. சொல்லிட்டேன்.

— சிரிக்காதீங்க அண்ணா. கொடுக்கறேன். பிரின்சிபிள்னா யார்கிட்ட கொடுத்தா என்ன? கிருபா பேரே எழுதுங்க. ஓனர் கிருபா. மாமா, இப்ப உங்களுக்குத் திருப்திதானே? எல்லாம் முடிஞ்சுதா?

— உங்க விஷயம் முடிஞ்சுது மாப்பிள்ளை.

— அப்பாடா! நான் கெளம்பறேன் கார்டு சார். மெய்யாலுமே சொல்றேன், இனிமே சொந்தக்காரங்களுக்கு வூடு பேச வரமாட்டேன்.

— உக்காரு ஜெயவேலு, காபி வரட்டும். பையை மூடாத, இன்னொரு பத்திரம் எடு: முன் ரூம், சாப்பாட்டோட நானூறு, ஓனர் கிருபா, குடித்தனக்காரர் பேரு அசரியா — இந்த வயசுல நான் சோப்பைப் பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்ட முடியாதுப்பா.