மோலெக் இழுத்த பை

நான் நடக்கப் பிரியப்படுகிற ஆள் இல்லை, ஐயா. பக்கத்துத் தெருவில் சோப்பு வாங்கப் போவதென்றாலும் மோட்டார் ரிக்‌ஷாவைக் கைதட்டிக் கூப்பிடுவேன். அதனால் அந்தச் சனிக்கிழமை நான் காட்டுக்குக் கிளம்பியதே எல்லோருக்கும் வேடிக்கையாக இருந்தது. வண்டியில் ஏறியதிலிருந்து சவுலினா என் புதுக் காலணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

கோப்பில் அவளை என் தோழி என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும். மேடான் நகரத்தில் ஒரே வாடகை அறையில் பதினோரு வருஷம் குடியிருந்தோம். நான் மருத்துவமனை ஒன்றில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். அவள் வயதானவர்களைக் கவனித்துக்கொள்ளும் தாதி. அவளுக்கு டைஃபாய்டு வந்தபோது இருபத்திரண்டு நாள் விடுப்பு எடுத்துக் கஞ்சி ஊட்டியவள் நான். மஞ்சள் தூக்கலாகப் போட்ட கெண்டை மீன் குழம்பு அவளுக்குப் பிடிக்கும். என் வீட்டில் யாரும் மீன் சமைத்ததில்லை. அவளுக்காகக் கற்றுக்கொண்டேன்.

அவள் ஜப்பானுக்குப் போக ஆசைப்பட்டாள். அங்கே முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டு வருஷம் மொழி படித்தாள். இரவுச் சாப்பாடு ஆனதும் நான் அட்டைகளைக் காட்டுவேன், அவள் வார்த்தை சொல்வாள். தப்பாகச் சொன்னால் திருத்துவேன். தேர்வில் தோற்றுவிடுவாள் என்று நினைத்துத்தான் அவ்வளவு பொறுமையாக உதவினேன். அவள் தேறிவிட்டாள்.

விசா குத்திய பாஸ்போர்ட் ஒரு வியாழக்கிழமை வந்தது. பதினாலாம் தேதி விமானம். அதற்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

"இனிமே அறை பூரா உனக்குத்தான், ரொஸ். கையைக் காலை நீட்டிப் படுத்துக்க" என்றாள்.

அவள் அதைச் சந்தோஷமாகச் சொன்னாள். என்னை நோகடிக்கச் சொன்னதல்ல. அவள் யாரையும் நோகடிக்கிறவள் இல்லை.

புக்கிட் லவாங் காட்டுக்குப் போகலாம் என்றது அவளுடைய சித்தப்பா மகன் பிந்தோரும் அவன் மனைவி லஸ்மாவும். "பொறந்ததுலேர்ந்து சுமாத்ராவுல இருக்க, காட்டுல ஒரு மாவாஸ் குரங்கப் பாத்ததில்ல. ஜப்பான்காரன் ஒராங்குட்டானப் பத்திக் கேட்டா என்னடி சொல்லுவ?" என்று பிந்தோர் கிண்டல் செய்தான். சனி போய் ஞாயிறு திரும்புவதாக ஏற்பாடு.

நான் யோசித்தது அந்த வெள்ளிக்கிழமை பகலில், வேலைக்கு நடுவே. கால் எலும்பு ஒன்று முறிந்தால் கூட எட்டு வாரம் வேண்டும். அவளோடு ஜப்பான் போகிற தாதிகள் குழு போய்விடும். அடுத்த குழுவுக்குள் அவளுக்கு முப்பத்தைந்து முடிந்துவிடும், அதற்கு மேல் எடுக்க மாட்டார்கள். எட்டு வாரமும் நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வேன். இதில் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருத்தியின் ஒரு கால் எலும்பு, அதுவும் கூடிவிடக்கூடியது.

அன்று மாலை அவளிடம், "அறைப் பூட்டு சரியா விழ மாட்டேங்குது. பாஸ்போர்ட்டை இங்க வெச்சுட்டு வராத, பையிலயே போட்டுக்க" என்றேன். பூட்டு நன்றாகத்தான் இருந்தது.

காட்டு வாசலில் எங்களுக்கு வழிகாட்டி நம்பாத்தி செம்பிரிங். ஐம்பது வயதிருக்கும். முன்பல் ஒன்று இல்லை. உள்ளே விடுவதற்கு முன் எல்லோருடைய பையையும் திறந்து பார்த்தார்.

"பிஸ்கட், மிட்டாய், பழம், எதுவா இருந்தாலும் எங்கிட்டக் குடுத்துருங்கம்மா. வாசனை பட்டா மாவாஸ் வந்துரும்."

"அண்ணே, எங்க வீட்டுக்காரரையும் வாங்கி வெச்சுக்கங்க. வழியெல்லாம் தின்னுக்கிட்டே வருவாரு" என்றாள் லஸ்மா.

செம்பிரிங் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "இங்க மோலெக்னு ஒண்ணு இருக்கு. பேருக்கு அர்த்தம்தான் அழகி. குட்டியில யாரோ கூண்டுல வளத்தது, அப்புறமாக் காட்டுல விட்டாங்க. மனுசங்கன்னா பயமே கிடையாது. இப்பக் கைக்குழந்தை வேற. அது பையைப் பிடிச்சா நீங்க விட்டுருங்க. இழுக்காதீங்க. ஆம்பளை எட்டுப் பேரு பலம் அதுக்கு. விட்டுட்டா ஒண்ணும் செய்யாது."

மோலெக்கைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். போய்வந்த கூட்டாளிகள் பரிசோதனைக் கூடத்தில் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார்கள். நான் இரண்டு பிஸ்கட் பொட்டலத்தைச் செம்பிரிங்கிடம் கொடுத்தேன். மூன்று மார்க்கீசாப் பழங்கள் இடுப்பில் சுற்றிய துண்டுக்குள் இருந்தன. முதல் ஓடையில் இளைப்பாறினோம். சவுலினா பையை என்னிடம் கொடுத்துவிட்டு மறைவுக்குப் போனாள். ஒரு பழத்தை நகத்தால் கீறி, மற்ற இரண்டோடு அவள் பையின் வெளி ஜேபியில் வைத்தேன். அந்தப் பழத்துக்கு நல்ல மணம் உண்டு.

மோலெக்கை நாங்கள் பதினோரு மணி வாக்கில் பார்த்தோம். ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் மேடு, மறு பக்கம் ஓடைவரை சரிவு. தலைக்கு மேலே கிளைகள் வளைந்தன. முதலில் குட்டிதான் தெரிந்தது, தாயின் விலாவில் ஒட்டிக்கொண்டு.

"ரொஸ், அங்க பாரேன். தலைமுடியப் பாரு, கரன்ட் அடிச்ச மாதிரி நட்டுக்கிட்டு நிக்குது" என்று சவுலினா கிசுகிசுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "எப்படி இறுக்கிப் பிடிச்சிருக்கு பாரு. விடவே விடாது போல."

நான் குட்டியைப் பார்க்கவில்லை. அவள் நிற்கும் இடத்தைப் பார்த்தேன். சரிவு நான் எதிர்பார்த்ததைவிடச் செங்குத்தாக இருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போனால் நிலம் தட்டையாகும் என்பதும் தெரிந்தது. வா, போகலாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மோலெக் அவசரமே இல்லாமல் இறங்கி வந்தது. கடைக்குப் போகிற பெண்பிள்ளை மாதிரி வந்து பையைப் பிடித்தது.

"விடும்மா! பையை விடு!" செம்பிரிங் முன்னாலிருந்து ஓடிவந்தார்.

"பாஸ்போர்ட் இருக்குண்ணே!" என்று கத்தினாள் சவுலினா. வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். வார் அறுந்தது. அவள் பின்பக்கமாகச் சரிவில் உருண்டு போனாள்.

செம்பிரிங் தன் உடம்பை நடுவில் கொடுத்து மோலெக்கை மறித்தார். முழங்கையில் கடி வாங்கினார். அப்படியும் தெளிவாகத்தான் இருந்தார். பிந்தோரையும் லஸ்மாவையும் மேட்டுக்கு ஏறி ஆள் கூப்பிடச் சொன்னார். தான் வலப்பக்கம் இறங்குவதாகவும், என்னை இடப்பக்கம் ஓடையோரமாகத் தேடும்படியும் சொன்னார்.

பத்து நிமிஷத்தில் அவளைக் கண்டுபிடித்தேன், ஐயா. பாறைக்கும் விழுந்த மரத்துக்கும் நடுவில் கிடந்தாள். தொடையெலும்பு வெளியே வந்திருந்தது. ரத்தம் நிற்கவில்லை. ஆனால் நல்ல நினைவோடு இருந்தாள்.

"ரொஸ். வந்துட்டியா" என்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பழத்தைப் பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"பதினாலாம் தேதிக்குள்ள சரியாயிடுமா?"

"ஆயிடும்" என்றேன்.

"கட்டுப் போட்டுக்கிட்டாவது ஏறிடுவேன். சக்கர நாற்காலியில கூட ஏத்துவாங்க இல்ல? பையை எடுத்தாங்களா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எட்டு வாரம் இல்லை, எட்டு வருஷம் ஆனாலும் இவள் போய்விடுவாள். நொண்டிக்கொண்டாவது போவாள்.

மேலேயிருந்து செம்பிரிங்கின் குரல் கேட்டது. "ஏம்மா! கிடைச்சாங்களா?"

சவுலினா பதில் சொல்ல வாயெடுத்தாள். குரல் எழும்பவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இல்லண்ணே! இந்தப் பக்கம் இல்ல!" என்று நான் கத்தினேன்.

அவள் முகம் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். குழப்பமாக இருந்தது, அவ்வளவுதான். கோபம் இல்லை. காது அடைத்திருப்பதால் தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்திருக்கலாம். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தொடையில் இறுக்கிக் கட்டியிருந்தால் ரத்தம் மட்டுப்பட்டிருக்கும். அது எனக்குத் தெரியும், என் வேலையே ரத்தத்தோடுதான். துண்டை அவிழ்த்து மடித்து அவள் தலைக்கு அடியில் வைத்தேன்.

ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மியாக இருக்கும். செம்பிரிங் மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் இல்லை என்றேன். கடைசியில் அவள் குளிருது என்றாள். அணைத்துக்கொண்டேன். பதினோரு வருஷத்தில் அவள் என் கையை அவ்வளவு நேரம் பிடித்திருந்ததில்லை.

மீதிக் கதை உங்கள் இலாகாவின் பழைய கோப்பிலேயே இருக்கும். பை சரிவில் கிடைத்தது. துணியில் பழச்சாறு மஞ்சளாக அப்பியிருந்தது. விருந்தினருக்கு வேடிக்கை காட்ட வழிகாட்டியே பழம் வைத்துக் குரங்கை வரவழைத்தார் என்று பேச்சு எழுந்தது. நீதிமன்றத்தில் என்னைக் கேட்டார்கள். செம்பிரிங் தன் மடியிலிருந்து பழம் எடுத்ததைப் பார்த்ததாகச் சொன்னேன். கூண்டில் நின்ற அந்த மனிதர் என்னை முறைக்கக்கூட இல்லை. "அந்தம்மா பயத்துல இருந்தாங்க, என்னத்தையோ பாத்திருப்பாங்க" என்று நீதிபதியிடம் எனக்காகப் பரிந்து பேசினார். மூன்று வருஷம் கொடுத்தார்கள். பதினாலாவது மாதம் சிறையிலேயே நுரையீரல் நோயில் இறந்தார்.

அவர் மனைவி ஒருமுறை என் அறைக்கு வந்தாள். சண்டை போட வரவில்லை. "எம் புருசன் தேடுனாராம்மா? சரியாத் தேடுனாரா? ஊருல, தேடாம உக்காந்திருந்தாருன்னு பேசிக்கிறாங்க" என்றாள். நன்றாகத் தேடினார், தொண்டை கிழியக் கூப்பிட்டார் என்று சொன்னேன். அவள் என் காலைத் தொடக் குனிந்தாள். நான் தடுத்துவிட்டேன்.

மோலெக்கைப் பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள். குட்டியைத் தனியே பிரித்துக் கொண்டுபோனதாகக் கேள்வி. பெற்றதைப் பறிகொடுத்த தாய் நாளெல்லாம் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம். அதைப் போய்ப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது ஆறு வருஷம் ஆகிறது. செம்பிரிங் இல்லை. அவர் மனைவி ஊரை விட்டே போய்விட்டாள், எங்கே என்று யாருக்கும் தெரியாது. நான் உண்மை சொல்வதால் யாருக்கும் எதுவும் திரும்பி வரப்போவதில்லை. பின் ஏன் இன்றைக்கு வந்தாய் என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். மனசாட்சி என்று நீங்களே ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

சவுலினாவை மேடானில்தான் அடக்கம் செய்தார்கள். என் அறையிலிருந்து நடக்கிற தூரம். ஒவ்வொரு ஞாயிறும் போவேன். புல் பிடுங்குவேன், அந்த வாரத்துச் சங்கதியெல்லாம் சொல்லுவேன். போன வாரம் பிந்தோர் வந்திருந்தான். ஏரி நடுவில் இருக்கிற சாமோசிர் தீவில் அவர்கள் குடும்பத்துக்குப் புதுக் கல்லறை கட்டி முடிந்துவிட்டதாம். எங்கள் வழக்கப்படி முன்னோர்களின் எலும்பையெல்லாம் எடுத்துக் கழுவி அங்கே வைக்கப்போகிறார்கள். அவளையும் வரும் வியாழக்கிழமை தோண்டி எடுத்து, ஏரி தாண்டிக் கொண்டுபோகிறார்கள். எருமை வெட்டி விருந்தாம். "நீயும் வரணும் ரொஸ், நீ எங்க குடும்பத்துல ஒருத்தி மாதிரி" என்றான்.

கொலை வழக்கு என்று ஆகிவிட்டால், வழக்கு முடிகிறவரை உடலை இடம் மாற்ற விட மாட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மேல்முறையீடு, அது இது என்று பல வருஷம் இழுக்குமாம். அது நிஜம்தானே? நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பழம் வைத்தது நான். இல்லை என்று கத்தியது நான். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். புதன்கிழமைக்குள் உத்தரவு போய்விட்டால் போதும்.

எனக்காகக் கேட்கவில்லை, ஐயா. இந்த ஊரை விட்டுப் போக அவளுக்குத்தான் மனமே இல்லை.