அங்கம்மாள் அனுப்பிய பாட்டு

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருந்தகை அறிவழகன் அவர்களே! பட்டு நெய்யும் கைகளால் பாட்டுக்கும் விழா எடுத்திருக்கும் ராசிபுரத்துப் பெரியோர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்திருக்கும் என் அன்புத் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் ரூபனாகிய நான் கரம் குவித்து வணங்குகிறேன்.

"பாறையில தண்ணி கண்ட மகராசா – என்
பானையில தண்ணியில்ல தெரியாதா?"

அடடா! இரண்டு அடிதான் சொன்னேன், அதற்குள் இத்தனை கைதட்டலா? பொறுங்கள், பாடுகிறேன். முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

முப்பது ஆண்டுகளாகக் கல்யாண மண்டபத்தில் ஒலிக்கிறதே, கைப்பேசியில் கூவுகிறதே, அந்தப் பாட்டு என் பாட்டா? இல்லை! ஒலிநாடா அட்டையில் 'நாட்டுப்புறப் பாடல், பாடியவர் ரூபன்' என்று அச்சிட்டார்கள். நாட்டுப்புறம் என்றால் ஆளில்லாப் புறமா? பெயரில்லாப் புறமா? அன்றைக்கு அதைக் கேட்காமல் வாய்மூடி நின்றவன் நான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. சேலத்திலிருந்து கோயில் திருவிழாவில் பாடப் புறப்பட்டேன். மல்லசமுத்திரம் அருகே பேருந்து பஞ்சராகி நின்றது. சாலையோரக் காட்டில் கடலைக்கொடி பிடுங்கியபடி ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தார். அவர்தான் அங்கம்மாள். அவருடைய கணவர் அம்மாசி, ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடநாடு போனவர். மூன்று ஆண்டுகளாகக் கடிதம் இல்லை, தகவல் இல்லை. இருக்கிறாரா என்றே தெரியவில்லை.

"அக்கா, இந்தப் பாட்டை நான் மேடையில் பாடட்டுமா?" என்றேன்.

"பாடுங்க சாமி. உங்க பாட்டு நாலு ஊருக்குப் போகுமில்லீங்க? எங்கயாச்சும் அவரு காதுல உழுந்தாப் போதுமுங்க."

அந்தத் தாய் எனக்குப் பாட்டையா கொடுத்தார்? கணவருக்கு எழுதிய கடிதத்தை அல்லவா கொடுத்தார்!

பாடினேன். பதிவு செய்தார்கள். நம் ஊர் லாரிகள் அதை நாடெங்கும் கொண்டு சென்றன. சத்தீஸ்கரில் ஒரு காட்டில், குழாய் ஏற்றி வந்த திருச்செங்கோட்டு லாரியில் அந்தப் பாட்டு ஒலித்தது.

"சோளக்கதிர் மீசைக்காரா, ஊட்டுக்கு
சோறாறும் முன்னாடி வந்துசேரு!"

அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் அதைக் கேட்டுக் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "இது என்ற ஊட்டுக்காரி பாட்டுங்க! சோளக்கதிர் மீசைக்காரான்னு என்னத்தான் கூப்புடுறா!" என்று கதறினார். அவர்தான் அம்மாசி. ரிக்கில் சிக்கி இடக்கையில் மூன்று விரல்களை இழந்தவர். இந்தக் கையோடு எப்படிப் போய் நிற்பது என்று வெட்கி ஊர் திரும்பாதவர். அதே லாரியில் ஏறினார்.

வாசலில் வந்து நின்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாராம். அங்கம்மாள் அந்தக் கையை இழுத்துப் பார்த்தார். "விரலுதானுங்களே போச்சு? நீங்க வந்துட்டீங்கல்ல!" என்றார். வேறொரு கேள்வியும் கேட்கவில்லை!

அந்த இருவரும் இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். தட்டுங்கள், தாராளமாய்த் தட்டுங்கள்! எனக்கு விழுந்த மாலைகளெல்லாம் இவர்களுக்கு உரியவை. இன்று வெளியாகும் புதிய பதிவின் அட்டையில் முதல் வரி 'பாட்டு: அங்கம்மாள்'. முப்பது ஆண்டு தாமதம். மன்னித்துவிடுங்கள், அக்கா.

காலையில் அவரிடம், "இன்றைக்கு நீங்களே பாடுங்கள் அக்கா" என்று கெஞ்சினேன். சிரித்தார். "அவருதான் வந்துட்டாரே சாமி, இன்னி நான் எதுக்குப் பாடோணும்?" என்றார்.

உண்மைதான். அவருக்கு இனி அந்தப் பாட்டு தேவையில்லை. ஆனால் வளைகுடாவில் மகன் இருக்கும் தாய்க்குத் தேவை! கோபித்துக்கொண்டு போன தம்பியைத் தேடும் அக்காவுக்குத் தேவை! வாசலில் விளக்கு வைத்துக் காத்திருக்கும் ஒருவர் இருக்கும்வரை இந்தப் பாட்டு பயணம் போகும், போய்க்கொண்டே இருக்கும்!

அங்கம்மாள் அக்காவுக்கும், அவர் பாட்டைச் சுமந்துபோன லாரி ஓட்டுநர்களுக்கும், செவிகொடுத்த உங்களுக்கும் என் நெஞ்சின் நன்றி. உங்களில் யாரேனும் யாருக்காகவேனும் காத்திருந்தால், இதோ, அவர்களுக்காகப் பாடுகிறேன். வணக்கம்.